தள்ளுபடி விலையில் வாங்கிய கடன் பத்திரங்கள் முதிர்ந்துவிட்டன: வருமான வரிப் படிவத்தில் எந்தத் தலைப்பில் காட்டுவது?

பாலக்கோடு, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான், வயது 63. ஓய்வின்போது கிடைத்த பணத்தில் பெரும்பகுதியை வங்கி வைப்பிலும் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் போட்டேன். மீதியை, தனிநபர்கள் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்க உதவும் ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் கணக்கு வழியாகவும் என் டீமேட் கணக்கு வழியாகவும் கடன் பத்திரங்களில் முதலீடு செய்தேன். அவற்றுள் மூன்று பத்திரங்கள் 2025-26 நிதியாண்டில் முதிர்ந்து, பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. மூன்றையும் முகமதிப்பைவிட, அதாவது முதிர்வில் திரும்பக் கிடைக்கும் தொகையைவிட, குறைந்த விலைக்கே வாங்கியிருந்தேன். அந்த வித்தியாசத்தை வருமான வரிப் படிவத்தில் எங்கே காட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

முதலாவது, 364 நாள் ட்ரெஷரி பில், அதாவது அரசு வெளியிடும் குறுகிய காலக் கடன் பத்திரம். 2024 ஜூலையில் நடந்த ஏலத்தில் 5,00,000 ரூபாய் முகமதிப்புக்கு 4,68,000 ரூபாய் செலுத்தினேன். 2025 ஜூலையில் முழுத்தொகையும் வந்தது. வட்டி என்று தனியாக எதுவும் வரவில்லை.

இரண்டாவது, 2025-இல் முதிரும் 5.22 சதவீத மத்திய அரசுக் கடன் பத்திரம். 2022 அக்டோபர் 17 அன்று, 100 ரூபாய்க்கு 95.20 வீதம், 3,00,000 ரூபாய் முகமதிப்புள்ள பத்திரத்தை 2,85,600 ரூபாய்க்கு இரண்டாம் நிலைச் சந்தையில், அதாவது முன்பு வைத்திருந்தவரிடமிருந்து, வாங்கினேன். ஜூன் 15 முதல் அன்றுவரை சேர்ந்திருந்த வட்டி என்று 5,307 ரூபாயையும் சேர்த்து, மொத்தம் 2,90,907 ரூபாய் பிடிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் வந்த அரையாண்டு வட்டி 7,830 ரூபாயை அவ்வாண்டுப் படிவத்தில் முழுமையாகக் காட்டி வரி கட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கடனீட்டுப் பத்திரம், அதாவது என்சிடி. 1,000 ரூபாய் முகமதிப்புள்ள 200 பத்திரங்களை 2023 டிசம்பரில் தலா 930 ரூபாய்க்கு வாங்கினேன். 2025 ஆகஸ்டில் 2,00,000 ரூபாய் திரும்பி வந்தது. அத்துடன் வந்த ஆண்டு வட்டி 18,000 ரூபாயில் 1,800 ரூபாய் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருக்கிறார்கள்.

என் ஓய்வூதியம் ஆண்டுக்கு 6,20,000 ரூபாய். வங்கி, அஞ்சலக வட்டி ஏறக்குறைய 1,60,000 ரூபாய். புதிய வரி முறையில் இருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் மூன்று வித்தியாசத் தொகைகளையும் வட்டி என்றே காட்டச் சொல்கிறார். மற்றொருவர், போட்ட அசல்தான் திரும்பி வந்தது, எனவே வரியே இல்லை என்கிறார். இணையத்தில் தேடியபோது, தள்ளுபடியை ஆண்டுதோறும் பிரித்து வருமானமாகக் காட்ட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் படித்தேன். விவரம் அறிந்தவர்கள் காரணத்துடன் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிருஷ்ணகிரி, வரி ஆலோசகர்

அம்மா, தொகை, தேதி எல்லாவற்றையும் தெளிவாகக் கொடுத்திருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. வரியே இல்லை என்று சொன்னவர் சொல்வது சரியல்ல. நீங்கள் போட்டது 2,85,600, வந்தது 3,00,000 என்னும்போது மேலதிகமாக வந்த பகுதி அசல் ஆகாது.

அந்த மேலதிகத் தொகை எந்தத் தலைப்பில் வரும் என்பதை முடிவு செய்ய, தள்ளுபடியை உங்களுக்குக் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். பத்திரத்தை வெளியிட்டவரே குறைந்த விலைக்கு விற்று, முதிர்வில் கூடுதலாகத் திருப்பித் தருகிறார் என்றால், அந்தக் கூடுதல் அவர் வாங்கிய கடனுக்குத் தரும் கைம்மாறு. அது வட்டியின் தன்மை உடையது. மாறாக, வெளியிட்டவர் 100 ரூபாய் கடன் வாங்கி 100 ரூபாயையே திருப்பித் தருகிறார், இடையில் சந்தையில் வட்டி விகிதம் உயர்ந்ததால் முன்பு வைத்திருந்தவர் உங்களிடம் 95 ரூபாய்க்கு விற்றுவிட்டார் என்றால், அந்த 5 ரூபாயை வெளியிட்டவர் யாருக்கும் வட்டியாகக் கொடுக்கவில்லை. அது விற்றவருடைய இழப்பு, உங்களுடைய மூலதன ஆதாயம், அதாவது சொத்தின் விலை வித்தியாசத்தால் கிடைத்த லாபம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(28ஏ) பிரிவு, கடனாகப் பெற்ற பணத்துக்காகத் தரப்படுவதையே வட்டி என்று வரையறுக்கிறது. நீங்கள் சந்தையில் வாங்கிய நாளில் உங்களிடமிருந்து அரசு எதையும் கடன் வாங்கவில்லை.

இந்த அளவுகோலின்படி உங்கள் இரண்டாவது பத்திரமும் மூன்றாவது பத்திரமும் மூலதன ஆதாயத்தில் வரும். முதிர்வில் பணம் வருவதை விற்பனை என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்பார்கள். முன்னுரிமைப் பங்குகளை நிறுவனம் மீட்டுக்கொள்வதும் சொத்து மாற்றமே என்று அனார்கலி சாராபாய் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தர்க்கத்தைக் கடன் பத்திரங்களின் முதிர்வுக்கும் பொருத்திப் பார்ப்பதே நடைமுறையாக இருக்கிறது.

இரண்டையும் நீங்கள் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தீர்கள். பட்டியலிடப்பட்ட பத்திரங்களுக்கு அது நீண்ட கால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் வரி விகிதம் 12.5 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்னும் கூடுதல் வரி. சாதாரணக் கடன் பத்திரங்களுக்கு, விலைவாசி உயர்வுக்கேற்ப அடக்க விலையைக் கூட்டிக்கொள்ளும் பணவீக்கச் சரிக்கட்டல் முன்பும் கிடையாது, இப்போதும் கிடையாது.

அரசுப் பத்திரத்தின் கணக்கில்தான் கவனம் தேவை. அடக்க விலை 2,85,600 என்று வைத்தால் ஆதாயம் 14,400 ரூபாய். ஆனால் நீங்கள் விற்றவருக்குக் கொடுத்த 5,307 ரூபாய் சேர்ந்த வட்டியை என்ன செய்வது? விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், பத்திரத்தை வாங்கும்போது வட்டிக்கென்று தரும் தொகையும் பத்திரத்தைப் பெறுவதற்கான மூலதனச் செலவே, பின்னால் வரும் வட்டியிலிருந்து அதைக் கழிக்க முடியாது என்று கூறியது. நீங்கள் 7,830 ரூபாயையும் முழுதாக வருமானத்தில் காட்டிவிட்டீர்கள். எனவே 5,307 ரூபாயை அடக்க விலையோடு சேர்த்து 2,90,907 என்று வைத்துக்கொள்ளும் நியாயம் உங்களுக்கு உண்டு. ஆதாயம் 9,093 ரூபாய் ஆகிறது. இதே பத்திரத்தை வாங்கிய வேறு சிலர், டிசம்பர் வட்டியிலிருந்து 5,307 ரூபாயைக் கழித்து, மீதி 2,523 ரூபாயை மட்டும் அன்றே காட்டியிருப்பார்கள். அவர்கள் இப்போது அதே தொகையை மறுபடியும் அடக்க விலையில் ஏற்றக் கூடாது; ஒரே செலவுக்கு இருமுறை பலன் தேட இடமில்லை.

என்சிடியைப் பொறுத்தவரை, பங்குச் சந்தையின் சில்லறை வணிகத்தில் காட்டப்படும் விலையிலேயே சேர்ந்த வட்டியும் அடங்கியிருப்பது வழக்கம். ஆகவே தலா 930 ரூபாய் என்பதே உங்கள் அடக்கம். தரகுக் கட்டணம் இருந்தால் அதையும் சேர்க்கலாம். ஆதாயம் 14,000 ரூபாய். 18,000 ரூபாய் வட்டியை இதர வருமானத்தில் தனியாகக் காட்டுங்கள். பட்டியலிட்ட டீமேட் என்சிடிகளுக்கு முன்பு டிடிஎஸ் விலக்கு இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நீக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வட்டி 10,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்கிறார்கள். முதிர்வில் கிடைத்த 14,000 ரூபாய் வித்தியாசத்துக்கு யாரும் டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள் என்பதால், அதை நாமே நினைவு வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

ட்ரெஷரி பில்லில் கிடைத்த 32,000 ரூபாயைக் குறுகிய கால மூலதன ஆதாயம் என்று காட்டுவதே நான் பார்த்தவரை பரவலான வழக்கம். வரி உங்கள் வருமானப் படிநிலையின்படிதான்.

ஓசூர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி

ஆலோசகர் ஐயாவின் விளக்கம் மிகத் தெளிவு. ஆனால் ட்ரெஷரி பில் பற்றிய கடைசிப் பத்தி, அவரே வகுத்த அளவுகோலுக்குப் பொருந்தவில்லை என்று கருதுகிறேன். ட்ரெஷரி பில்லில் தள்ளுபடியைக் கொடுப்பது அரசுதான். ஏலத்தில் அரசு அம்மாவிடமிருந்து 4,68,000 ரூபாயைக் கடனாகப் பெற்று, 364 நாள் கழித்து 5,00,000 ரூபாயாகத் திருப்பித் தந்திருக்கிறது. இதில் சந்தைக்கு எந்தப் பங்கும் இல்லை. கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6.86 சதவீத வட்டி அது. ஏலத்தில் நேரடியாக வாங்கி முதிர்வுவரை வைத்திருப்பவருக்கு அது வட்டி வருமானம் என்பதே என் துணிபு. நடுவில் வேறொருவருக்கு விற்றால்தான் அங்கே மூலதன ஆதாயம் பிறக்கிறது.

படிநிலை விகிதத்தில் வரி ஒன்றேதானே, எதற்கு இந்த வேறுபாடு என்று கேட்கலாம். பங்குகளில் குறுகிய கால நட்டம் அடைந்தவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. ட்ரெஷரி பில் ஆதாயத்தை மூலதன ஆதாயம் என்று காட்டினால், பங்கு நட்டத்தை அதில் கழித்துக்கொள்ள முடியும். வட்டி என்று காட்டினால் முடியாது. அப்படிக் கழித்துக்கொண்ட பிறகு துறையிலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் முதலீட்டாளர்தான். அம்மாவுக்கு அத்தகைய நட்டம் எதுவும் இல்லை என்பதால், ஐயத்துக்கு இடமில்லாத வழியாக வட்டி என்றே காட்டிவிடுவது நல்லது.

சேர்ந்த வட்டியைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் என் பணிக்காலத்தில் வங்கியின் முதலீட்டுப் பிரிவில் இதைப் பற்றி நீண்ட விவாதங்களைக் கேட்டிருக்கிறேன். விஜயா வங்கித் தீர்ப்பை எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருத்த முடியாது. பத்திரங்களை வணிகச் சரக்காக வைத்திருக்கும் வங்கிகள் சேர்ந்த வட்டியைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று 2024 அக்டோபரில் ராஜஸ்தான் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு, தனிநபர் முதலீட்டாளர் சிலர் தங்களுக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் பத்திரத்தை முதலீடாக வைத்திருக்கிறோமே தவிர, வணிகம் செய்வதில்லை. ஆகவே ஆலோசகர் சொன்னபடி அடக்க விலையில் சேர்ப்பதே முறை.

கிருஷ்ணகிரி, வரி ஆலோசகர்

ஓசூர் ஐயா சுட்டிக்காட்டியதை மதிக்கிறேன். இரு வழிகளையும் பின்பற்றுகிற ஆடிட்டர்கள் உண்டு. நட்டத்தைக் கழிக்கும் சூழல் வரும்போது அவர் சொல்லும் எச்சரிக்கை மிகவும் தேவையானது. அம்மாவின் நிலையில் 32,000 ரூபாயை இதர வருமானத்தில் வட்டியாகக் காட்டுவதற்கு எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு தலைப்பை மாற்றிக்கொண்டிருக்காமல், எடுத்த நிலைப்பாட்டிலேயே தொடர்ந்து நிற்பது நல்லது.

அரூர், வாசகர்

இந்த விவாதத்தைப் படித்தபின் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. என் தந்தையார் முன்பு நபார்டு (தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) தள்ளுபடி விலையில் வெளியிட்ட பவிஷ்ய நிர்மாண் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். பத்து ஆண்டு கழித்து 20,000 ரூபாய் முகமதிப்பு கிடைத்தபோது, அதை நீண்ட கால மூலதன ஆதாயம் என்றே எங்கள் ஆடிட்டர் காட்டினார். அங்கே தள்ளுபடியைக் கொடுத்தது நபார்டுதான். இடையில் சந்தையே இல்லை. அப்படியானால் ஐயா சொன்ன அளவுகோலின்படி அது வட்டியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

கிருஷ்ணகிரி, வரி ஆலோசகர்

மிக நல்ல கேள்வி. அங்கே சட்டமே ஒரு விதிவிலக்கைத் தனியாக வகுத்திருக்கிறது. 2(48) பிரிவின்படி, அரசிதழில் அறிவிக்கை செய்யப்பட்ட ஜீரோ கூப்பன் பத்திரம் (இடையில் வட்டி தராத பத்திரம்) முதிர்வதையும் சொத்து மாற்றம் என்றே 2(47) பிரிவு சொல்கிறது. ஆகவே அதில் கிடைக்கும் ஆதாயம் மூலதன ஆதாயம். 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் நீண்ட காலம். உங்கள் ஆடிட்டர் செய்தது சரியே. அறிவிக்கை செய்யப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. பத்திரத்தின் பெயரில் ஜீரோ கூப்பன் என்று இருப்பது மட்டும் போதாது.

அறிவிக்கை செய்யப்படாத, வட்டி தராமல் பெரும் தள்ளுபடியில் வெளியிடப்படும் பத்திரங்களுக்கு மத்திய நேரடி வரிகள் வாரியம் 2002 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட 2-ஆம் எண் சுற்றறிக்கை பொருந்தும். அதன்படி ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அன்று பத்திரத்தின் சந்தை மதிப்பைப் பார்த்து, முந்தைய ஆண்டைவிடக் கூடிய தொகையை அந்தந்த ஆண்டின் வட்டி வருமானமாகக் காட்ட வேண்டும். முகமதிப்பு மொத்தம் 1,00,000 ரூபாய்க்கு உட்பட்டு வைத்திருக்கும் தனிநபர் போன்ற சிறு முதலீட்டாளர்களுக்கு மட்டும், ஆண்டுதோறும் காட்டாமல் முதிர்வில் மொத்தமாகக் காட்டும் விருப்பம் உண்டு. ஆசிரியை அம்மா இணையத்தில் படித்த, ஆண்டுதோறும் பிரித்துக் காட்டும் முறைக்கு நம் நாட்டில் ஏதாவது இடம் உண்டு என்றால் அது இங்கேதான். வட்டி தரும் சாதாரணப் பத்திரத்தைச் சந்தையில் குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு அந்தச் சுமை இல்லை.

ஓசூர், மென்பொருள் துறை ஊழியர்

ஆசிரியை அம்மா படித்தது பெரும்பாலும் அமெரிக்க விதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் அண்ணன் அங்கே வேலை பார்க்கிறார். அவருடைய படிவத்தை நிரப்ப உதவியபோது இதை ஓரளவு படித்தேன். அங்கேயும் வெளியிட்டவர் கொடுத்த தள்ளுபடி, சந்தை கொடுத்த தள்ளுபடி என்ற பிரிவு இருக்கிறது. முன்னதை ஆண்டுதோறும் வட்டியாகக் கணக்கிட வேண்டும். அதற்காக 1099-ஓஐடி என்ற படிவமே தருகிறார்கள். ஆனால் பின்னதிலும் அவர்கள் நம்மைப் போல மூலதன ஆதாயம் என்று விட்டுவிடுவதில்லை. சந்தைத் தள்ளுபடியும் விற்கும்போதோ முதிரும்போதோ சாதாரண வருமானமாகவே வரிக்குள் வருகிறது. விரும்பினால் ஆண்டுதோறும் காட்டவும் தேர்ந்தெடுக்கலாம். முதிர்வுக்கு எஞ்சிய முழு ஆண்டுகள் ஒவ்வொன்றுக்கும் முகமதிப்பில் 0.25 சதவீதம் என்று பெருக்கி வரும் தொகையைவிடத் தள்ளுபடி குறைவாக இருந்தால் மட்டுமே அதை மூலதன ஆதாயமாக ஏற்கிறார்கள். கடன் பத்திரம் பற்றி ஆங்கிலத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அவர்களுடைய பக்கங்களே என்பதால், நம் ஊரில் பலர் குழம்பிவிடுகிறார்கள்.

என் பங்குக்கு ஒரு கேள்வி. எங்கள் அலுவலகத்தில் சிலர், பட்டியலிடப்படாத கடனீட்டுப் பத்திரங்களை முன்பே தள்ளுபடியில் வாங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே 12.5 சதவீதம்தானா?

கிருஷ்ணகிரி, வரி ஆலோசகர்

இல்லை. 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பின்போ விற்கப்படும், முதிரும், மீட்கப்படும் பட்டியலிடப்படாத பத்திரங்களுக்கு 50ஏஏ பிரிவு பொருந்துகிறது. எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அந்த ஆதாயம் குறுகிய காலம் என்றே கருதப்பட்டு, படிநிலை விகிதத்தில் வரி விதிக்கப்படும். 30 சதவீதப் படிநிலையில் இருப்பவர்களுக்கு இது கணிசமான வேறுபாடு. சந்தைக் குறியீட்டோடு இணைத்த கடனீட்டுப் பத்திரங்களுக்கு இதே நிலை 2023 ஏப்ரல் முதலே இருக்கிறது.

இன்னொரு வகையினரும் இங்கே தவறாகப் புரிந்துகொள்வதைப் பார்க்கிறேன். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ஹட்கோ, இந்திய ரயில்வே நிதிக் கழகம் போன்றவை வெளியிட்ட வரியில்லாப் பத்திரங்களில் வட்டிக்குத்தான் விலக்கு. சந்தையில் குறைந்த விலைக்கு வாங்கி முதிர்வில் அடையும் ஆதாயத்துக்கு அந்த விலக்கு நீளாது. அதே பத்திரத்தை முகமதிப்பைவிட அதிக விலைக்கு வாங்கியவருக்கு முதிர்வில் ஏற்படுவது மூலதன நட்டம். நீண்ட கால நட்டம் என்றால் நீண்ட கால ஆதாயத்தில் மட்டும் கழிக்கலாம். கழிக்க முடியாததை எட்டு ஆண்டுகள் முன்னெடுத்துச் செல்லலாம். அதற்குப் படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

பாலக்கோடு, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. என் மொத்த வருமானம் 12,00,000 ரூபாய்க்கு மிகவும் குறைவு. புதிய முறையில் அதுவரை வரி இல்லை என்கிறார்களே, அப்படியிருக்க இந்த 12.5 சதவீதம் எனக்கு ஏன் வர வேண்டும்? இரண்டாவது, என் கணவர் விவசாயி. தக்காளியும் மாவும் பயிரிடுகிறார். வேறு வருமானம் இல்லை. அவர் பெயரில் இரண்டு அரசுப் பத்திரங்கள் இருக்கின்றன; இரண்டையும் 97 ரூபாய் சுமாருக்கு வாங்கினோம். ஒன்றுக்கு என் ஓய்வுப் பணத்திலிருந்து நான் கொடுத்தேன். மற்றொன்றை அவர் தக்காளி விற்ற பணத்தில் வாங்கினார். அவை அடுத்த ஆண்டு முதிரும்.

கிருஷ்ணகிரி, வரி ஆலோசகர்

அம்மா, 12,00,000 ரூபாய்வரை வரி இல்லை என்பது முழு விலக்கு அன்று. 4,00,000 ரூபாய்க்கு மேல் வரி கணக்கிடப்பட்டு, 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடியால் அது இல்லாமல் ஆக்கப்படுகிறது. அந்தத் தள்ளுபடி படிநிலை விகிதத்தில் வரும் வரிக்கு மட்டுமே; 12.5 சதவீதம் போன்ற சிறப்பு விகிதத்தில் வரும் வரிக்கு அது கிடையாது என்பது 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் ஐயமறத் தெளிவாக்கப்பட்டுவிட்டது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். ஓய்வூதியத்தில் நிலையான கழிவு 75,000 போக 5,45,000. வங்கி, அஞ்சலக வட்டி 1,60,000. ட்ரெஷரி பில் 32,000. என்சிடி வட்டி 18,000. முதிர்ந்த அரசுப் பத்திரத்தின் கடைசி அரையாண்டு வட்டி 7,830. கூட்டினால் 7,62,830 ரூபாய். இதற்கான வரி ஏறக்குறைய 18,140 ரூபாய்; அது முழுவதும் 87ஏ தள்ளுபடியில் நீங்கிவிடும். நீண்ட கால ஆதாயம் 9,093-உம் 14,000-உம் சேர்ந்து 23,093, அதற்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்துச் சுமார் 3,000 ரூபாய். ஏற்கெனவே பிடிக்கப்பட்ட 1,800 ரூபாய் டிடிஎஸ் போக, நீங்கள் கட்ட வேண்டியது சுமார் 1,200 ரூபாய். வணிக வருமானம் இல்லாத மூத்த குடிமகள் என்பதால் முன்கூட்டிய வரி கட்டவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. படிவம் தாக்கல் செய்யும்போது கட்டினால் போதும்.

உங்களுக்கு உரிய வருமான வரிப் படிவம் ஐடிஆர்-2. ஐடிஆர்-1 படிவத்தில் இப்போது பங்கு ஆதாயத்தை ஓர் எல்லைவரை காட்ட முடியும் என்றாலும், கடன் பத்திர ஆதாயத்துக்கு அங்கே இடமில்லை. மூலதன ஆதாய அட்டவணையின் நீண்ட காலப் பகுதியில் கடன் பத்திரங்களுக்கென்று உள்ள இடத்தில் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்: பெற்ற தொகை 5,00,000, அடக்கம் 4,76,907. அந்த அட்டவணையின் இறுதியில், ஆதாயம் ஆண்டின் எந்தக் காலப் பகுதியில் வந்தது என்று பிரித்துக் காட்டும் சிறு பகுதி இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள், அங்கே தொகை பொருந்தாவிட்டால் படிவம் ஏற்கப்படாது.

இந்த 3,000 ரூபாய்க்கு இன்னொரு விளைவும் உண்டு. வட்டியில் டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கியில் தரும் 15எச் உறுதிமொழியில், மொத்த வருமானத்துக்கும் வரி ஏதும் இல்லை என்று கையொப்பமிடுகிறோம். இத்தகைய ஆதாயம் வரவிருக்கும் ஆண்டில் சிறு தொகையே ஆனாலும் வரி இருக்கிறது. ஆகவே முதிர்வு தெரிந்த ஆண்டுகளில் அந்த உறுதிமொழியைத் தருவதற்கு முன் ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பத்திரத்தின் வட்டியும் ஆதாயமும் 64-ஆவது பிரிவின்படி உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்பட வேண்டியவை. பத்திரம் அவர் பெயரில் இருப்பதால் மாறாது. அவர் தம் தக்காளிப் பணத்தில் வாங்கியது அவருடையதே. அவருக்கு வேளாண் வருமானத்தைத் தவிர வேறு இல்லை என்பதால், அதன் வட்டி போக 4,00,000 ரூபாய் அடிப்படை வரம்பில் மீதமுள்ள இடத்தில் நீண்ட கால ஆதாயத்தை ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆதலால் அவருக்கு வரி வராது. வேளாண் வருமானத்தைக் கூட்டி விகிதம் பார்க்கும் முறையும், மற்ற வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால்தான் வரும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அவர் பத்திரங்கள் முதிரும்போது நான் மேலே சொன்ன பிரிவு எண்கள் மாறியிருக்கும். உங்களுடைய 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். கணவரின் இரண்டாவது பத்திரத்துக்காக, மண்டியிலிருந்து தக்காளிப் பணம் அவர் வங்கிக் கணக்கில் வரவானதையும், அதே கணக்கிலிருந்து பத்திரத்துக்குப் பணம் போனதையும் காட்டும் பாஸ்புக் பக்கங்களை நகலெடுத்து, ரீட்டெயில் டைரக்ட் கொள்முதல் விவரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.